நின்ற படம் எடுத்தது நான்

காலை ஒன்பது மணி இருக்கும். ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடையில், கால் ஆடிக்கொண்டிருந்த எங்கள் ஸ்டூலுக்குத் திருகாணி தேடிக்கொண்டிருந்தேன். ஃபரீதாவிடமிருந்து அழைப்பு வந்தது. என் கடைக் கூட்டாளி ஜமால் பாயின் மகள். "சேகர் அங்கிள், அத்தா மௌத்தாயிட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சு எடுத்துருவோம். வந்துருங்க," என்றாள். அவ்வளவுதான். கடைக்காரர் இரண்டு திருகாணிகளை நீட்டி எது வேண்டும் என்று கேட்டார். இரண்டையும் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்துத் தெருவில்தான் எங்கள் ஸ்டூடியோ. அங்கே போனவன், கை ஓடாமல் கால் ஓடாமல், காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கல்யாணமோ காதுகுத்தோ, அழைப்பு வந்தால் பையை மாட்டுவது என்றாகிவிட்ட தோள் இது. எம்ஆர்டி ரயில் நிலையத்தின் வாசல் வரை போன பிறகுதான் உறைத்தது. அடப்பாவி, சாவு வீட்டுக்குக் காமிராவா? திரும்பி வந்து பையைப் பாயின் நாற்காலியில் வைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

ஜமால் பாயை அறிந்தவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். தேக்கா வட்டாரத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பலருடைய ஆல்பத்தில் அவர் கை இருக்கிறது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் உங்களில் பலர் கவிதா கல்யாணத்தையும் சேர்த்தே சொல்வீர்கள். "நல்ல மனுஷன், ஆனா அந்தப் பொண்ணு கல்யாணத்துல கோட்டை விட்டுட்டாரு" என்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டது அப்படி. அந்தக் கதை பொய். கோட்டை விட்டது நான். ஏழு வருடம் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். இனி அவர் காதில் விழப்போவதில்லை. உங்கள் காதிலாவது விழட்டும்.

அவரை நான் சந்தித்ததே ஒரு குழப்பத்தில்தான். அப்போது எனக்குத் தனிக் கடை, அவருக்குத் தனிக் கடை. ஒரு கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் அவரையும் மாப்பிள்ளை வீட்டார் என்னையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மணவறைக்கு முன்னால் இருவரும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டோம். முழங்கையால் இடித்தேன். அவரும் இடித்தார். ஐயர் எங்கள் இருவரையும் பார்த்து முறைத்தார். தாலி கட்ட இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பாய் சட்டென்று திரும்பி, "ஒரே மாதிரி ரெண்டு படம் எதுக்குலா? நான் நிக்க வைக்கிறேன். நீ படுக்க வை," என்றார்.

காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்தால் அவருக்கு அது 'நின்ன படம்'. குறுக்காகப் பிடித்தால் 'படுத்த படம்'. வேறு பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. அன்று அவர் முன்னால் மண்டியிட்டு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் தலை முதல் கால்வரை, மேலே பூ வளைவோடு சேர்த்து எடுத்தார். நான் பின்னால் ஸ்டூலில் ஏறி நின்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றி நின்ற சொந்தம் முழுவதையும் எடுத்தேன். இரண்டு வீட்டாரும் இரண்டு படத்தையும் கேட்டார்கள். அடுத்த மாதமே ஒரே கடைக்கு வந்துவிட்டோம். தாலி கட்டும் நேரத்தில் ஒருவன் நிற்க வைத்தால் மற்றவன் படுக்க வைக்க வேண்டும். எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் இது ஒன்றுதான்.

முஸ்லிமான அவருக்கு இந்துக் கல்யாணச் சடங்குகள் அத்தனையும் அத்துப்படி. ஒருமுறை ஓர் இளம் ஐயர் அவசரத்தில் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டார். காமிராவுக்குப் பின்னாலிருந்து பாய் தொண்டையைக் கனைத்து, "சாமி, பொண்ணு இன்னும் அம்மி மிதிக்கல," என்றார். மண்டபமே சிரித்தது. பெண்ணின் பாட்டனார் எழுந்து வந்து, "பாய், நீங்களே மந்திரத்தையும் சொல்லிருங்களேன்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு வேற ரேட்டு," என்றார் பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தீபாவளி விளக்குகள் போட்டிருந்த சமயம், சிராங்கூன் சாலையோரம் நடந்து வந்துகொண்டிருந்தோம். ஊரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த ஒருவர் கைப்பேசியை நீட்டி, "அண்ணே, வீட்டுக்கு அனுப்பணும், ஒரு படம்," என்றார். விளக்குத் தோரணத்தின் கீழே விறைப்பாக நின்றார். பாய் கைப்பேசியை வாங்கிக் குறுக்காகத் திருப்பினார். "அண்ணே, நிக்க வெச்சு எடுங்க, அப்பதான் ஃபோன்ல முழுசாத் தெரியும்," என்றார் அவர். "நீ தனியா நிக்கிறதைப் பார்த்தா உங்கம்மா அழுவாங்கப்பா. உன் கூட்டாளிங்க எங்க? எல்லாரையும் கூப்பிடு," என்றார் பாய். ஏழு பேர் ஓடி வந்தார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். நடந்து போகையில் பாய் என்னிடம் சொன்னார்: "நின்ன படம் ஆளைக் காட்டும். அவனுக்கு யாரு இருக்காங்கன்னு படுத்த படம்தான் காட்டும்." எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் ஆல்பங்களின் அட்டைப் படம் எப்போதும் நின்ற படம். ஆல்பத்தின் வாகு அப்படி. அதனால் அட்டை எப்போதும் பாயுடையது. ஆல்பத்தைக் கொடுத்ததும் அட்டையைப் பார்த்து, "பாய், அசத்திட்டீங்க," என்பார்கள். உள்ளே இரண்டு பக்கத்தையும் நிறைத்து என் படம் இருக்கும். அதைப் பார்த்து, "ஐ, சித்தப்பா தூங்குறாரு பாரு," என்பார்கள். வருடக்கணக்கில் இதைக் கேட்டேன். படுத்த படத்தின் அருமையை அவர் பேசப் பேச, அட்டையை வைத்திருப்பவனுக்குப் பேசுவது சுலபம் என்று எனக்குள் புகைந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பார். கேட்க என் வறட்டு கௌரவம் விடவில்லை.

கவிதாவின் கல்யாணம் கோயில் மண்டபம் ஒன்றில் நடந்தது. பெண் நல்ல உயரம். மணவறையில் தாமரை மொட்டுகளால் உயரமான வளைவு கட்டியிருந்தார்கள். நின்ற படத்துக்கென்றே அமைந்த இடம். கெட்டிமேளம் தொடங்கியது. பாய் வழக்கம்போல் முன்னால் மண்டியிட்டிருந்தார். நான் ஸ்டூலில் நின்றேன். கண்ணை வைத்ததும் தெரிந்துவிட்டது, இந்த உயரத்திலிருந்து நெட்டுக்குத்தாக எடுத்தால் இந்தமுறை அட்டை என்னுடையது. காமிராவைத் திருப்பினேன். மூன்று முடிச்சும் விழும்வரை திருப்பியபடியே எடுத்தேன். மறுபடி படுக்க வைத்தபோது அட்சதை தரையில் கிடந்தது. பத்து வினாடி, அதிகம் போனால் பதினைந்து. பாய் எதையும் பார்க்கவில்லை. அவர் கண் அவர் காமிராவில் இருந்தது.

அந்த ஆல்பத்தை நானே தனியாகக் கோத்தேன். அட்டைப் படம் என்னுடையதுதான். எல்லோரும் பாராட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கவிதா கடைக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு மட்டும், பூ இல்லை. அப்பா இறந்து இருபது நாள் ஆகிறது என்றாள். கல்யாணத்தின்போதே அவருக்கு உடம்பு முடியாமல்தான் இருந்திருக்கிறது, மகளிடம் மறைத்திருக்கிறார்கள். "அங்கிள், தாலி கட்டுறப்ப எங்கப்பா அழுதாரு. எனக்கு வலப்பக்கம் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் ஓரக்கண்ணால பார்த்தேன். அவர் அழுது நான் பார்த்ததே இல்ல. அம்மாகிட்ட சொன்னா, அவரா அழுதாரு, சும்மா சொல்லாதேங்கிறாங்க. ஆல்பத்துல அந்தப் படம் இல்ல. உங்ககிட்ட இருக்கும்ல?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா இருக்கும்மா," என்று பாய் கணினியைத் திறந்தார். அவருடைய படங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் நின்ற படங்கள். பிறகு என்னுடைய கோப்பு. அதுவும் நின்றது, நின்றது, நின்றது. மாப்பிள்ளை, பெண், தாமரை வளைவு. பெண்ணின் வலத்தோளோடு படம் முடிந்துவிட்டது. தூணும் இல்லை, அப்பாவும் இல்லை. முடிச்சு விழுந்த பிறகு நான் எடுத்த முதல் படுத்த படத்தில் அவர் இருக்கிறார், முகத்தில் துண்டோடு. கண் தெரியவில்லை.

பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "மன்னிச்சிரும்மா. படுத்த படம் எடுக்க வேண்டியவன் நான். அன்னிக்குக் கவனமில்லாம நிக்க வெச்சுட்டேன்."

நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். இல்லை கவிதா, நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொல்லவில்லை. அவள் எழுந்து போனாள். அவள் போனதும் நான், "பாய், ஏன் அப்படி..." என்று இழுத்தேன். "போர்டுல எம்பேரு இருக்கு. வேற யாரு சொல்றது?" என்றார். பிறகு, "தே ஹலியா குடிப்போம், வா," என்று கீழே இறங்கிவிட்டார். கண்ணாடி டம்ளரிலிருந்த தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். இஞ்சி தூக்கல் என்று கடைக்காரரிடம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

அதன்பிறகு அவர் செய்ததுதான் கொடுமை. கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களின் பட்டியலை எப்படியோ வாங்கி, ஒவ்வொருவராகத் தேடிப் போனார். யார் கைப்பேசியிலாவது அப்பாவின் முகம் விழுந்திருக்காதா என்று. ஒரு மாதம் அலைந்தார். உட்லண்ட்ஸில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார். பெண்ணின் மாமா வீடு. அவர்தான் வீடியோ எடுத்தவர். போட்டுக் காட்டினார். தாலி கட்டும் நேரத்தில் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியை உயர்த்திவிட்டார்கள். வீடியோ முழுக்க முதுகும் கையும்தான். அந்தக் கைகளுக்குரியவர்களையும் பாய் விடவில்லை. பாலம் தாண்டி ஜோகூர் வரைக்கும் போய்ப் பார்த்தார். "எல்லாரும் ஃபோனை நிக்க வெச்சே எடுத்திருக்காங்க சேகர். ஒரு படத்துல முழங்கை இருக்கு. அவருதான்னு நினைக்கிறேன். முழங்கையைப் போய் அந்தப் புள்ளைக்கிட்ட எப்படிக் கொடுக்கிறது?" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். என்ன செய்தேன்? பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

செய்தி தேக்காவில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? உறுதியாகியிருந்த இரண்டு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. கறி மீன் வாங்கப் போனால் சந்தையில், "என்ன பாய், எங்க வீட்டு விசேஷத்துக்குப் படுத்த படமும் எடுப்பீங்கல்ல?" என்று சீண்டுவார்கள். "எடுத்துருவோம்லா, நீங்களே படுத்துக்கிட்டாலும் எடுத்துருவோம்," என்பார். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான். வெட்கங்கெட்டவன்.

அடுத்த கல்யாணத்தில் தாலி கட்டும் முன் என்னிடம் வந்து ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இனிமே நீ முன்னாடி உக்காந்து நிக்க வை. நான் படுக்க வைக்கிறேன். எனக்கு முட்டி வலிக்குது," என்றார். முட்டி வலிக்கிறவர் ஸ்டூலில் ஏறுவாரா? அட்டைக்காகத்தான் நான் காமிராவைத் திருப்பினேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் அட்டையும் என்னுடையது. ஒவ்வோர் ஆல்பத்துக்கும், "சேகர் அண்ணே, அசத்திட்டீங்க," என்று கேட்டேன். அந்தப் பாராட்டு தொண்டையில் முள்ளாகக் குத்தியது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

மூன்று வாரம் முன்பு அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம், பிறகு நுரையீரல் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டது. தினமும் மத்தியானம் போனேன். ஒவ்வொரு நாளும் லிஃப்டில் மனப்பாடம் செய்துகொண்டு போவேன்: பாய், அந்தக் கல்யாணத்தில் நான் வேண்டுமென்றேதான் திருப்பினேன், என்னை மன்னித்துவிடுங்கள். ஒரு நாள் தொடங்கியும்விட்டேன். "பாய், கவிதா கல்யாணத்துல..." உடனே கையை உயர்த்தினார். மூச்சு வாங்கப் பேசினார். "அதை விடுலா. இந்த சன்னலைப் பார்த்தியா? ஒல்லியா, நெட்டையா, நின்ன படம் மாதிரி வெச்சிருக்கான். வானம்தான் தெரியுது. படுத்த சன்னலா வெச்சிருந்தா கீழ போற ஆளுங்களையாவது பார்ப்பேன்." தாதி வந்து திரையை இழுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். அவர் தடுத்தார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் தடுக்காவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

சுவா சூ காங்கில் அவரை அடக்கம் செய்தோம். நானும் மூன்று பிடி மண் போட்டேன். சாயங்காலம் ஃபரீதாவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அவர்கள் புளோக்குக்குத் திரும்பினேன். கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பெண், அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். கவிதா. முன்பைவிடப் பூசினாற்போல் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

"அண்ணே, ஜமால் அங்கிளை எடுத்துட்டாங்களா?"

"அடக்கம் முடிஞ்சிருச்சும்மா."

அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேன். எந்தப் பீடிகையும் இல்லாமல், அவள் முகத்தைப் பார்க்காமல், ஏழு வருடமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன். காமிராவைத் திருப்பியது நான். உங்கள் அப்பா படத்தில் இல்லாமல் போனது என்னால். பாய்மேல் ஒரு தப்பும் இல்லை. கோபத்தில் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் அடிக்கவில்லை. பிறகு கேட்டாள்: "இதை இப்ப ஏன்ண்ணே எங்கிட்ட சொல்றீங்க?"

நான் ஒரு நாற்காலியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அன்னிக்குக் கடையிலேருந்து வீட்டுக்குப் போய் அவருக்கு ஃபோன் பண்ணேன். எங்கப்பாவை ரெண்டாவது தடவை நீங்கதான் கொன்னீங்கன்னு சொன்னேன். உங்களுக்கும் மக இருக்கால்ல, அவ கல்யாணத்துல நீங்க உசுரோட இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். அவர் சரிம்மா, சரிம்மான்னாரு. அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில இருக்காருன்னு போன வாரமே தெரியும். எப்படிப் போய் நிக்கிறதுன்னு பயந்துக்கிட்டு இருந்துட்டேன்." அழுதாள். "இப்ப நான் யாருகிட்டண்ணே கேக்கிறது?"

ஃபரீதாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மேலே, ஐந்தாவது மாடியில், விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நல்லவர்களைப் பற்றி எழுதும்போது அவரிடமிருந்து இதைக் கற்றேன், அதைப் பெற்றேன் என்று முடிப்பார்கள். அவர் எனக்குத் தந்தவை நிறைய. அவற்றை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. என்னுடையது என்று நான் உரிமையோடு எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. கவிதா தொலைபேசியில் சொன்ன அந்தச் சாபம் விலாசம் தப்பிப் போனது. எனக்கு வர வேண்டியதை அவர் "சரிம்மா" என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வரும் தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.